பதினான்காம் பக்கம், நான்காம் படி

1

இந்தக் கதை எனக்குத் தபாலில் வந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (பின்னால் இதைவிடப் பெரிய ஒப்புதல் ஒன்று இருக்கிறது. வாய் பழகட்டும்.)

எந்திரங்களோடு பெட்டிக்குள் வரும் பயனர் கையேடுகளைத் தமிழில் எழுதுவது என் பிழைப்பு. கம்பெனி தன் மொழியில் அனுப்பும், நான் நம் மொழியில் திருப்பி அனுப்புவேன். தண்ணீர் மோட்டார், வெந்நீர்க் கருவி, புல்வெட்டும் மிஷின், எல்லாம் எழுதியிருக்கிறேன். எதையும் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுகதை எழுதுவேன். கதைகளைவிடக் கையேடுகளுக்குத்தான் அச்சுப் பிரதிகள் அதிகம். ஆனால் யாராவது ஒரு கையேட்டை உட்கார்ந்து முழுசாகப் படிப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

தமிழில் வரும் புகார்க் கடிதங்களைக் கம்பெனி எனக்கே அனுப்பிவைக்கும். அவற்றை அவர்கள் மொழிக்கு மாற்ற வேண்டும். அவர்கள் பதிலைத் தமிழுக்கு மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் நடந்துபோகிற ஒரே ஆள் நான்தான்.

அப்படி வந்தது அந்தக் கடிதம். முழுத்தாளில் பதினொரு பக்கம். நீல மை. அடித்தல் திருத்தல் ஓரிடத்தில்கூட இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அவள் கயிற்றை இழுத்தாள். எந்திரம் இருமியது. மறுபடி இழுத்தாள். எந்திரம்—"

விட்டுவிட்டேன். எந்திரத்தை வில்லனாக்குவது ரொம்பச் சுலபம். அது திருப்பிப் பேசாது.

பிறகு இப்படி:

"புல்லோடு மனிதன் நடத்திவரும் போர் மிகத் தொன்மையானது. அந்தப் போரில் பெட்ரோல் எப்போது—"

காபி கொண்டுவந்த மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இது யாரு பேசறது?" என்றாள்.

"கதைசொல்லி."

"அவரைக் கொஞ்ச நேரம் வெளியில நிக்கச் சொல்லுங்க. அந்தக் கடுதாசி நல்லாத்தானே இருந்துச்சு? அதைப் போடுங்க."

போடுகிறேன்.

3

எழுதியவர் குடிநீர் நிலையம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் பம்ப் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு இடுப்பில் ஒரு முறிவு. இப்போது கைத்தடியோடு நடக்கிறார். அதே நிலையத்தின் வளாகத்தில் புல் வெட்டும் வேலை அவர் மனைவிக்கு. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் சரிவு, சரிவெல்லாம் புல். மனைவி வெட்ட, இவர் கூடவே போய் நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டு கையேட்டை உரக்கப் படிப்பாராம். இவர் படிக்கப் படிக்க அவர் செய்ய வேண்டும்.

இனி அவர் குரல். நான் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை.

"பெட்ரோல் தொட்டியின் மூடி எந்திரத்தின் அடிப்பக்கம் இருக்கிறது. எந்திரத்தைத் தரையில் வைத்தால் மூடி மண்ணில் படுகிறது. மண்ணைத் துடைக்காமல் திறந்தால் மண் உள்ளே போகிறது. துடைத்துவிட்டுத் திறந்தால் பெட்ரோல் கைக்கு வருகிறது. தொட்டியை இந்த இடத்தில் வைத்தவர் வாழ்நாளில் ஒரு முறையாவது இதில் பெட்ரோல் ஊற்றியிருப்பாரா என்று அறிய ஆவலாக உள்ளேன்."

"காற்று வடிகட்டியைத் துடைக்க மூன்று திருகாணிகளைக் கழற்ற வேண்டும். மூன்றுக்கும் மூன்று விதமான திருப்புளி. இது எதற்காக?"

"புல்லை அறுக்கும் நைலான் நரம்பு தேயத் தேய, வெட்டும் தலையைத் தரையில் தட்டினால் தானாக நீளும் என்று பெட்டியின் மேல் போட்டிருக்கிறது. தட்டினால் நீளவில்லை. ஓங்கித் தட்டினால் முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. நடுவில் ஒன்று கிடையாதா?"

"சோக் லீவரின் இரண்டு முனையிலும் எறும்பு அளவில் இரண்டு படங்கள் உள்ளன. இரண்டும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. என் மனைவிக்கும். கண்ணாடிக் கடைக்காரருக்கும்."

இடையில், எந்திரத்தைக் கிளப்பக் கயிறு இழுத்த கணக்கு வருகிறது. பம்ப் ஓட்டிய கை. நாள்குறிப்பு இல்லாமல் அதற்கு ஓடாது.

"திங்கள்: 34 இழுப்பு. ஓடவில்லை.
செவ்வாய்: 41. பதினேழு வினாடி ஓடியது.
புதன்: மழை.
வியாழன்: 61. அறுபத்தொன்றாவதில் என் மனைவியின் வலது தோளில் ஏதோ பிய்ந்தது. ஆறு வாரம் கையைத் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். புல் முழங்கால் அளவு வந்துவிட்டது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அலுவலகத்தில் சொல்கிறார்கள்."

கடைசிப் பக்கத்தில் இது:

"லீவரை மாற்றி வைத்துப் பார்க்கலாம் என்கிறாள் என் மனைவி. ஒரு நாள் தவறுதலாக மாறியிருந்தபோது உடனே பிடித்துக்கொண்டதாம். கையேட்டில் இருப்பதற்கு மாறாக நடக்கக் கூடாது என்று நான் அனுமதிக்கவில்லை. லீவரை நகர்த்துவதை என் கையிலேயே வைத்துக்கொண்டேன். இப்போது அவள் என்னிடம் கையேட்டைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. மற்றதெல்லாம் பேசுகிறாள்.

"இவ்வளவுக்கும், கையேட்டை எழுதியவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தெளிவாக, மரியாதையாக எழுதியிருக்கிறார். அறுபது முறையாவது படித்திருப்பேன். எந்திரத்தைச் செய்தவர்தான் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது."

4

பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்? அலமாரியிலிருந்து அந்தக் கையேட்டை எடுத்தேன். என் அழகான, மரியாதையான தமிழை இன்னொரு முறை ருசித்துப் பார்க்கத்தான்.

பதினான்காம் பக்கம், நான்காம் படி: "எந்திரம் குளிர்ந்திருக்கும்போது சோக்கைத் திறந்த நிலையில் வைக்கவும்."

படித்ததும் ஏதோ நெருடியது. கம்பெனியின் மூலப் பிரதியைத் தேடி எடுத்தேன். அதில் 'மூடிய நிலையில்' என்று இருந்தது.

கை தவறி எழுதியதல்ல. அதைத்தான் சொல்ல வேண்டும். அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'மூடிய' என்று மூலத்தில் படித்ததும், பாவம், அச்சுப்பிழை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒன்றைத் தொடங்க வேண்டுமென்றால் எதையாவது திறக்கத்தானே வேண்டும்? மூடித் தொடங்குகிற காரியம் உலகத்தில் உண்டா? யாரையும் கேட்காமல் திருத்தினேன். ஆறாம் படியில் 'திறக்கவும்' என்று இருந்ததையும், ஒத்துப்போக வேண்டுமே என்று, 'மூடவும்' ஆக்கினேன். வாக்கியங்கள் ஒன்றோடொன்று அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தின. அன்று மாலை எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

(குளிர்ந்த எந்திரத்துக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க வேண்டுமாம். அதற்காகத்தான் காற்று வரும் வழியை மூடுகிறார்கள். தெருமுனையில் இருக்கும் மெக்கானிக் இதை எனக்கு அரை நிமிடத்தில் விளக்கினார். எழுதும் முன் கேட்டிருந்தால் அப்போதும் அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்.)

முப்பத்து நான்கு, நாற்பத்தொன்று, அறுபத்தொன்று. கூட்டிப் பார்த்தேன். நூற்று முப்பத்தாறு.

5

இந்தப் பகுதியை மனைவி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க உங்களை நல்லவரா எழுதி வச்சிருக்கீங்க."

"தப்பை ஒத்துக்கிட்டேனே?"

"ஒத்துக்கிட்டீங்க. மறுநாளே அவங்களைப் பாக்கக் கிளம்பிப் போன மாதிரி எழுதியிருக்கீங்களே, ஒன்பது நாள் என்ன பண்ணீங்க? அதை எங்க காணோம்?"

முந்தைய வரைவில் இந்த இடத்தில் "மறுநாள் காலை முதல் பேருந்தில்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன். நடந்தது இது:

கடிதத்தை மொழிபெயர்த்தேன். வரிக்கு வரி, விசுவாசமாக. ஒரே ஒரு இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்: கையேட்டை எழுதியவரைப் பாராட்டிய பத்தி, அதோடு லீவர் பற்றிய பத்தி. தற்பெருமையாக இருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அதைப் படித்து அங்கே யாராவது பதினான்காம் பக்கத்தைப் புரட்டிவிடுவார்களோ என்ற பயம். அந்தக் கம்பெனிதான் என் வருமானத்தில் பாதி.

எட்டாம் நாள் பதில் வந்தது. நான்கே வரி. 'தங்கள் மேலான கருத்துகளுக்கு நன்றி. எந்திரத்தில் குறைபாடு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் உள்ள வழிமுறைகளைப் படிப்படியாகப் பின்பற்றவும்.'

இதை நான் தமிழாக்கி அவருக்கு அனுப்ப வேண்டும்.

ஒரு இரவும் ஒரு காலையும் அந்த நான்கு வரி மேசையில் கிடந்தது. மூன்று வரி முடித்துவிட்டேன். நான்காவதற்கு வந்ததும் பேனா நகரவில்லை. 'பின்பற்றவும்' என்ற சொல்லை எத்தனை கையேட்டில் எழுதியிருப்பேன்! அந்த அம்மா கயிற்றை இழுக்கிற கை ஒவ்வொரு எழுத்திலும் தெரிந்தது.

"அனுப்பப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"அப்ப சட்டையை மாத்துங்க. பன்னெண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்கு."

6

போகும் வழியில் பேருந்தில் அந்த அம்மாவை எழுதிப் பார்த்தேன். ஒல்லியான உருவம். வாய் பேசாதவர். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்பவர். நான் உண்மையைச் சொன்னதும் கண்ணில் ஒரு துளி—

இதெல்லாம் தேவையில்லாமல் போனது. நேரில் பார்த்தவர் வேறு.

7

குடிநீர் நிலையத்தின் வாயிற்கதவு திறந்தே இருந்தது. நடுவில் பெரிய தொட்டி, அதன் நிழல் விழுந்த சிமென்ட் தளத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் வழித்த முகமும் இஸ்திரிச் சட்டையுமாகக் கடிதம் எழுதிய பெரியவர். கீழே ஒரு துண்டின் மேல் புல்வெட்டும் மிஷின், அடிபட்ட பறவையைக் கிடத்தியது போல. (இந்த உவமையை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். மிஷின் மிஷின் மாதிரிதான் இருந்தது. நீளக் குழாய், ஒரு முனையில் எந்திரம், மறுமுனையில் வெட்டும் தலை.)

அந்த அம்மா சரிவில் உட்கார்ந்து இடது கையால் அரிவாள் பிடித்துப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். வலது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. நல்ல உயரம், நல்ல பருமன். அறுக்கிற ஒவ்வொரு பிடிக்கும் புல்லைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

"கம்பெனியிலிருந்தா?" என்றார் அவர்.

"இல்லைங்க ஐயா. நான்... அந்தக் கையேட்டைத் தமிழ்ல எழுதினவன்."

கைத்தடியை ஊன்றி எழுந்தே விட்டார். இடுப்பு முறிந்தவர், நான் தடுப்பதற்குள் நின்றுவிட்டார்.

"நீங்களா? உக்காருங்க சார், உக்காருங்க. ஏம்மா! யாரு வந்திருக்காங்கன்னு பாரு! புத்தகம் எழுதினவரு!"

சரிவிலிருந்து பதில் வந்தது. "மிஷினைச் செஞ்சவன் வரலையா?"

"அவ அப்படித்தான் பேசுவா சார். மனசுல ஒண்ணுமில்ல."

"மனசுல நிறைய இருக்கு," என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தார் அந்த அம்மா. "தண்ணி குடிக்கிறீங்களா தம்பி? இங்க தண்ணிக்கு மட்டும் குறைச்சல் இல்ல."

குடித்தேன். பெரியவர் நாற்காலியில் மாட்டியிருந்த பையிலிருந்து கையேட்டை எடுத்தார். பழுப்புத் தாளில் அட்டை போட்டிருந்தார்; ஓரமெல்லாம் பெட்ரோல் கறை. என் புத்தகம் எதையும் யாரும் அப்படி அட்டை போட்டு வைத்து நான் பார்த்ததில்லை.

பேருந்தில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் மூன்று இருந்தன. மூன்றையும் விட்டுவிட்டேன்.

"ஐயா, பதினாலாம் பக்கம் தப்பு," என்றேன். "நாலாவது படி. திறந்தன்னு போட்டிருக்கேன். மூடினன்னு இருக்கணும். அவங்க சரியாத்தான் எழுதியிருந்தாங்க. நான்தான் மாத்திட்டேன்."

அவர் பக்கத்தைப் புரட்டினார். புரட்ட வேண்டியதே இல்லை. புத்தகம் தானாக அங்கேதான் திறந்தது. நான்காம் படியை உரக்கப் படித்தார். ஆறாம் படியையும் படித்தார்.

"அச்சுல வந்திருக்கே சார்," என்றார்.

"அச்சுல வந்தது தப்பா வந்துடுச்சுங்க ஐயா."

அவர் வேலை பார்த்த அறையில் சுவரில் விதிமுறைப் பலகை ஒன்று மாட்டியிருக்கும். எந்த வால்வை முதலில் மூடுவது, எதை அடுத்துத் திறப்பது என்று. முப்பத்திரண்டு வருடம் அதை நம்பித்தான் ஒரு ஊருக்கே தண்ணீர் விட்டிருக்கிறார். அது ஒருநாளும் அவரைக் கைவிட்டதில்லை.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்களே திருத்திடுங்க சார். என் கையால அச்சை அடிக்க எனக்கு மனசு வரல."

அடித்தேன். 'திறந்த' என்பதன் மேல் 'மூடிய' என்று எழுதினேன். ஆறாம் படியிலும் மாற்றினேன். அவர் மையை ஊதிக் காயவைத்தார்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று அந்த அம்மா சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எந்தக் கதையிலும் அந்த இடத்தில் அதுதான் வரும். அவர் சொல்லவில்லை. புருஷன் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு, "சரி, சும்மா உக்காந்திருந்தா எப்படி? ஓடுதான்னு பாக்கலாம்," என்றார்.

"நான் இழுக்கிறேன்," என்று முன்னால் போனேன். ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன் அதைப் பற்றி. பிடியைப் பிடித்து இழுத்தால் கயிறு பாதியில் நின்றது. மறுபடி இழுத்தேன், வெடுக்கென்று திரும்பி விரலில் அடித்தது. அந்த அம்மா அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சத்தமாகச் சிரித்துவிட்டார்.

"தம்பி, நீங்க பேனா பிடிச்சாப் போதும்."

அப்போதுதான் அவர் கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, மெள்ள மெள்ள மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வேணாங்க. இடுப்பு," என்றார் அந்த அம்மா.

"இடுப்புல இழுக்க மாட்டேன். கையிலதான். லீவரை நீ பிடி."

லீவரை அவர் மனைவியிடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா எதிரே உட்கார்ந்து, இடது கைக் கட்டைவிரலால் அதை மறுபக்கம் தள்ளினார். "ம்," என்றார். அவர் இழுத்தார். எந்திரம் ஒரு முறை தும்மியது. அந்த அம்மா லீவரைப் பழைய பக்கத்துக்கே தள்ளினார். "ம்." அவர் இழுத்தார்.

பிடித்துக்கொண்டது.

8

இதற்குப் பிறகு நடந்ததில் கொஞ்சம் எனக்குத் தெரியும், அதைச் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். விட்டுப்போன பத்திகளையும் சேர்த்து அனுப்பினேன். 'அடுத்த பதிப்பில் சரிசெய்யப்படும்' என்று பதில் வந்தது. அதன் பிறகு நான்கு மாதம் எனக்கு வேலை வரவில்லை. அந்தப் பதிப்பு வரும்வரை சும்மா இருக்க முடியாமல், நானும் மனைவியும் திருத்தச் சீட்டு அச்சடித்து, அந்த மிஷின் விற்கிற கடைகளுக்குப் போய்ப் பெட்டி பெட்டியாக ஒட்டிவிட்டு வந்தோம். "உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றார் ஒரு கடைக்காரர். "இல்லைங்க, போயிடுச்சு," என்றாள் மனைவி.

அந்த அம்மாவின் தோள் ஆறு வாரத்தில் ஆறவில்லை. பத்து வாரம் ஆனது. அதுவரை அவருடைய தம்பி வந்து வெட்டிக் கொடுத்ததால் வேலை கைவிட்டுப் போகவில்லை. பெட்ரோல் மூடி இன்னும் அடிப்பக்கம்தான் இருக்கிறது. மூன்று திருப்புளி அப்படியேதான்.

தெரியாதது இனிமேல்தான். அதனால்தான் இந்தக் கதைக்கு என்னால் முடிவு எழுத முடியவில்லை.

எந்திரம் ஓடத் தொடங்கியதும், அந்தக் காலி வளாகம் முழுக்கச் சத்தம் நிறைந்தது. பேசினால் நம் குரல் நமக்கே கேட்காது. (கடிதத்தில் அவர் எழுத மறந்த புகார் இது. அந்த மிஷின் மேல் எனக்கிருக்கும் ஒரே சொந்தப் புகாரும் இதுதான்.) இரண்டு பேரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அது அதிர்ந்துகொண்டிருந்தது. வெட்டுவதற்கு யாருக்கும் உடம்பு இடம் கொடுக்காது, அணைத்திருக்கலாம். அந்த அம்மா அணைக்கவில்லை.

அவர் முன்னால் குனிந்தார். மனைவியின் காதருகே வாயைக் கொண்டுபோய் ஏதோ சொன்னார். நீளமாக இல்லை, ஒரு வாக்கியம் இருக்கலாம். உதடு அசைந்தது தெரிந்தது. அந்த அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. இடது கையால் துண்டை எடுத்து, கயிறு இழுத்த அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்த எண்ணெயை ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டார்.

என்ன சொன்னார்?

'நீ சொன்னதுதான் சரி' என்று முதலில் எழுதினேன். அவ்வளவு நேராகப் பேசுகிறவராக அவர் எனக்குத் தெரியவில்லை. 'தோள் வலிக்குதா?' என்று மாற்றினேன். அது தினமும் கேட்டிருப்பார். அதற்காகக் காதருகே குனிய வேண்டாம். 'ரெண்டே இழுப்பு' என்றுதான் சொல்லியிருப்பார் என்கிறாள் என் மனைவி, நிச்சயமாக. அவளுக்கு அவரை நேரில் தெரியாது. ஆனாலும் எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் ஒரு கண் இருக்கிறது.

அவர் எழுந்து நிற்க நான் உதவியபோது அவரிடமே கேட்டேன், சைகையும் சத்தமுமாக. என் காதில் கத்தினார்: "எனக்கே கேக்கல சார்! அவளுக்குக் கேட்டுச்சான்னு அவகிட்டதான் கேக்கணும்!"

அந்த அம்மாவிடம் நான் கேட்கவில்லை.

கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறேன். உங்களுக்கு யாரிடமாவது சொல்ல ஒன்று பாக்கி இருந்தால் அதையே எழுதிக்கொள்ளலாம்; அவர்கள் இருவரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

"........................................"

நான்கு மணிப் பேருந்துக்காக நான் கிளம்பினேன். வாயிற்கதவைத் தாண்டி, சாலையைத் தாண்டி, நிறுத்தத்துக்கு வந்து நின்ற பிறகும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பேருந்து வரும்வரை அவர்கள் அதை அணைக்கவே இல்லை.